பெண் கொடுத்த வகையறா

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்துகொண்டு நாங்கள் ஜப்பான் தேசத்தைப் பங்கு போட்டுக்கொண்டிருந்தோம். அப்பா, அண்ணன், நான், புதுசாக வந்து சேர்ந்திருந்த என் கணவர்.

கதவுக்குப் பின்னால் என் பை இருந்தது. பாதிதான் அடுக்கியிருந்தேன்.

அடுப்படியிலிருந்து அம்மாவின் குரல் விட்டு விட்டு வந்துகொண்டிருந்தது. "ஏட்டி, பையக் கெட்டிட்டியா? வெயில் தாழக் கெளம்பணும்லா."

"கெட்டுதேம்மா."

கட்டவில்லை. எழுந்திரிக்கவும் இல்லை. கையில் பிடித்திருந்த பிளாஸ்டிக் சிப்பாய் வேர்வையில் வழுக்கிக்கொண்டிருந்தான். மேலே மின்விசிறி ஓடியும் என் ரவிக்கை முதுகோடு ஒட்டிப்போயிருந்தது.

ஆட்டத்தில் தோற்றுவிடுவேனோ என்ற பயமில்லை. எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்த மனிதர் ஆடிய விதம்தான் எனக்குப் பயமாக இருந்தது. அவர் யாரையும் அடிக்கவே இல்லை.

கப்பலில் வந்த பெட்டி

ஆட்டத்தைப் பற்றிச் சொல்லாமல் மேலே போனால் உங்களுக்கு ஒன்றும் விளங்காது.

என் அண்ணன் முருகேசன் சரக்குக் கப்பலில் வேலை பார்த்தான். லீவில் வரும்போதெல்லாம் உபயோகமில்லாத பொருளாகப் பார்த்துத் தேடி வாங்கி வருவான். மழையே பெய்யாத ஊருக்கு மழைக்கோட்டு. காப்பியே குடிக்காத அப்பாவுக்குக் காப்பி போடும் கருவி. எண்பதுகளின் நடுவில் ஒரு தடவை, சிங்கப்பூரிலிருந்து ஒரு பெரிய அட்டைப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தான். மூடியில் கொம்பு வைத்த தலைக்கவசத்தோடு ஒருவன் வாளை ஓங்கிக்கொண்டு நின்றான்.

"ஏலே, எமனப் படம் புடிச்சு வீட்டுக்குள்ள கொண்டாந்திருக்க," என்றாள் அம்மா.

உள்ளே கோணல் மாணலாக நீண்ட தீவுகளின் வரைபடம், சின்னச் சின்னக் கோட்டைகள், முதுகில் கொடி கட்டிய சிப்பாய்கள், ஒரு கட்டு அட்டைகள். கதை இதுதான். நாட்டில் ராஜா பேருக்குத்தான் இருக்கிறார். ஆளுக்கொரு கோட்டையைப் பிடித்துக்கொண்டு பெரிய குடும்பங்கள் ஒன்றையொன்று அடித்துக்கொள்கின்றன. எல்லாவற்றையும் ஒரு குடைக்கீழ் கொண்டுவருகிறவன் ஜெயித்தவன்.

அண்ணன் சொல்லி முடிப்பதற்குள் அப்பா பிடித்துக்கொண்டார். "நம்ம பாளையக்காரங்க கததானலே இது!"

அந்தக் குடும்பங்களின் பெயர்கள் எங்கள் வாயில் நுழையவில்லை. கொடியில் இருந்த சின்னத்தைப் பார்த்து நாங்களே பெயர் வைத்தோம். மூன்று இலை இருந்தது வில்வ வகையறா. அது அப்பாவுக்கு. சுருண்ட அலை, அலை வகையறா. அது கப்பல்காரனுக்கு. பட்டாம்பூச்சி எனக்கு. வட்டத்துக்குள் வட்டமாக இருந்ததை அண்ணன் அப்பள வகையறா என்றான். அதற்கு ஆள் கிடைக்காமல் வெகுநாள் சும்மா கிடந்தது.

ஊர்ப் பெயர்களையும் அப்பா விடவில்லை. தாலுகா ஆபீஸ் குமாஸ்தா அல்லவா, துண்டுக் காகிதத்தில் முத்து முத்தாக எழுதி ஒட்டிவிட்டார். நட்ட நடுவில் ஸ்ரீவில்லிபுத்தூர். மலை ஓரமாகக் கூமாப்பட்டி. தெற்கே ராஜபாளையம், இடையில் வன்னியம்பட்டி. நெல் மூட்டைக்கு அடையாளமாகப் பெட்டியில் வந்திருந்த மரக்கட்டைகள் ஒவ்வொன்றாகத் தொலைந்தபோது புளியங்கொட்டை வந்தது.

எங்கள் அப்பாவைத் தெரிந்தவர்கள் அவர் ஆடுவதைப் பார்த்தால் நம்பமாட்டார்கள். ஆபீசில் பியூனுக்கும் 'சார்' போடுகிற மனுஷர். பஸ்ஸில் யாராவது காலை மிதித்தால் அவர்தான் மன்னிப்புக் கேட்பார். பலகைக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டாலோ, 'உனக்கும் எனக்கும் சமாதானம்' என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு அடுத்த சுற்றில் கோட்டையைச் சுருட்டிவிடுவார்.

ஒரே ஒரு இடத்தில் மட்டும் அடங்கிப்போவார்.

பல்லக்கு அட்டை

அந்த அட்டைக்கட்டில் பல்லக்குப் படம் போட்ட ஓர் அட்டை உண்டு. அதை எடுத்தவர் தன் வீட்டுப் பெண்ணை இன்னொரு வகையறாவுக்குக் கட்டிக்கொடுத்துச் சம்பந்தம் செய்யலாம். சம்பந்தம் செய்த இரண்டு பேரும் அந்த வருஷம் முடிகிறவரை ஒருவரை ஒருவர் அடிக்கக் கூடாது. ஜப்பான்காரன் சட்டம் அவ்வளவுதான்.

அப்பாவுக்கு அது சரியாகப் படவில்லை.

"அதெப்படிலே ரெண்டு பேருக்கும் ஒண்ணு போல இருக்கும்? பொண்ணு குடுத்தவன் அடிக்கக் கூடாது. சரி. எடுத்தவன ஆரு கேக்க முடியும்?"

"அப்பா, புக்குல அப்படி இல்ல."

"புக்கு எழுதுனவன் பொண்ணு கெட்டிக் குடுத்திருக்க மாட்டான்."

அப்படியாக எங்கள் வீட்டில் ஒரு புதுச் சட்டம் அமலுக்கு வந்தது. பல்லக்கு அட்டையை எடுத்தவர் கட்டாயம் யாருக்காவது கொடுத்தாக வேண்டும். கொடுத்தபிறகு ஆட்டம் முடிகிறவரை அந்த வகையறாவின் மேல் கை வைக்கக் கூடாது. பெண் எடுத்தவர் மட்டும் இஷ்டப்பட்டால் அடித்துக்கொள்ளலாம். அதற்கும் மேல், அறுவடைக்கு அறுவடை பெண் வீட்டார் ஒரு புளியங்கொட்டையைச் சீராக அனுப்ப வேண்டும்!

அந்த அட்டை வந்தாலே அண்ணன் தலையில் அடித்துக்கொள்வான். ஆட்டத்தின் பக்கமே வராத அம்மாவுக்கு மட்டும் இந்தச் சட்டம் ரொம்பப் பிடித்திருந்தது. "சரியாத்தான் போட்டிருக்காக. பொண்ணக் குடுத்தா கையக் கெட்டிக்கிட்டுத்தான் நிக்கணும்."

கூமாப்பட்டி அத்தை

இதையெல்லாம் விளையாட்டு என்றுதான் வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன். அப்பாவுக்கு ஒரே ஒரு தங்கை இருந்தாள், கூமாப்பட்டியில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். அவள் கதையை அம்மா ஒருநாள் அரிசி புடைத்துக்கொண்டே சொன்னாள்.

கல்யாணமாகி ஒரு வருஷம் இருக்கும். மழை பெய்துகொண்டிருந்த நாளில் அத்தை தனியாகப் பஸ் ஏறி வந்துவிட்டாளாம். தலையெல்லாம் நனைந்து வாசலில் நின்று, "நாலு நாள் இருந்துட்டுப் போறேம்ப்பா," என்றாளாம். தாத்தா சோறு போடச் சொன்னார். சாப்பிட்டு முடித்ததும் "கெளம்பு தாயி" என்றார். அன்றைக்கே கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார்கள். அப்போது கல்யாணமாகாத இளவட்டமாக இருந்த அப்பாதான் துணைக்குப் போய் அவள் பையைச் சுமந்தார்.

கூமாப்பட்டி வீட்டு வாசலில் அத்தையின் மாமியார் நின்றுகொண்டு, "சொல்லாமக் கொள்ளாமப் போறதுதான் ஒங்க வீட்டுப் பழக்கமோ?" என்று கேட்டாராம். தாத்தா கும்பிட்டபடி நின்றாராம்.

அத்தை எதற்காக வந்தாள் என்பது கடைசிவரை எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. ஒருவரும் கேட்கவில்லை. அதன் பிறகு அவள் தனியாக வந்ததும் இல்லை. நல்லது கெட்டதுக்கு மாமாவோடு வந்து, பந்தியில் சாப்பிட்டு, மாமாவோடு போய்விடுவாள்.

எந்த ஆட்டமானாலும் அப்பா முதலில் படை திரட்டிக்கொண்டு போவது கூமாப்பட்டிக்குத்தான். பலகையில் அங்கே நெல்லும் கிடையாது, துறைமுகமும் கிடையாது. இருந்தாலும் அதைத்தான் அடிப்பார். அம்மா சொன்ன பிறகு நான் அதைப் பார்த்துச் சிரிப்பதை நிறுத்திக்கொண்டேன்.

ரசம் சோறு

நான் ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லின் சோதனைக்கூடத்தில் வேலை பார்த்தேன். நூலை இழுத்துப் பார்த்து, எவ்வளவு பாரம் தாங்குகிறது, எங்கே அறுகிறது என்று கண்டுபிடிக்கிற வேலை. கையெல்லாம் பஞ்சு ஒட்டும், இயந்திரச் சத்தத்தில் காது அடைக்கும். எனக்கு அந்த வேலை உயிர். நீலக் கோட்டை மாட்டிக்கொண்டு உள்ளே போகும்போது நடையே மாறிவிடும்.

ராஜபாளையத்து மாப்பிள்ளை என்றதும் நான் சந்தோஷப்பட்டதற்கு முதல் காரணம் மாப்பிள்ளை இல்லை. மில் பக்கத்தில் இருக்கிறது, தினமும் பஸ்ஸில் தொங்க வேண்டாம் என்பதுதான்.

அவர் பெயர் சங்கர். காயத்துக்குக் கட்டுப் போடும் துணி நெய்கிற தறிக்கூடம் அவர்களுக்குச் சொந்தமாக இருந்தது. இவர் சின்னப்பிள்ளையாக இருக்கும்போதே மாமனார் போய்விட, மாமியார்தான் தறிக்கூடத்தை நடத்தி மகனையும் வளர்த்தார். தறி ஒன்று நின்றுபோனால் சத்தத்தை வைத்தே எந்தத் தறி என்று சொல்லிவிடுவார். எனக்கு அவர் மேல் மரியாதை அதிகம். இப்போதும்தான்.

கல்யாணமான புதிதில் ஒருநாள் சாப்பாடு பரிமாறிக்கொண்டே சொன்னார். "பத்துப் பேருக்கு வேல குடுக்குற வீட்டு மருமக, இன்னொருத்தன் மில்லுல போயி கூலிக்கு நிக்கதாவது? நாலு பேரு சிரிப்பாக. லீவோட நின்னுக்க."

நான் என் கணவரைப் பார்த்தேன். அவர் தட்டைப் பார்த்தார். ரசம் சோற்றைப் பிசைந்தார். பிசைந்துகொண்டே இருந்தார். அதற்கு மேல் பிசைய அதில் ஒன்றுமில்லை.

ஆடி பிறந்தது. வழக்கப்படி புதுப்பெண்ணை அப்பா வந்து அழைத்துக்கொண்டு போனார். மில் மேனேஜர் நல்ல மனுஷர். கல்யாணத்துக்கும் ஆடிக்கும் சேர்த்து லீவு கொடுத்தவர், "ஆவணி மொதத் திங்கக்கெழம நீ வரலன்னா வேற ஆளப் போட்ருவேம்மா. என்னயக் குத்தம் சொல்லக் கூடாது," என்று சொல்லியிருந்தார்.

அம்மாவிடம் சொன்னேன். "ஏட்டி, அனுசரிச்சுப் போ," என்று முடித்துவிட்டாள். அப்பாவிடம் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார்.

"பொண்ணு குடுத்தவன் நான். நான் எப்படித் தாயி கேக்க முடியும்?"

பல்லக்குச் சட்டத்தைச் சொல்கிற அதே குரல்.

ஆடி முழுக்க எனக்குச் சரியாகத் தூக்கமில்லை. வாசலில் சைக்கிள் மணி கேட்டால்கூட நெஞ்சு திடுக்கென்றது. ஆவணி பிறந்தது. அந்த முதல் ஞாயிற்றுக்கிழமை என்னை அழைத்துப்போக அவர் வந்தார். அடுத்த நாள் திங்கட்கிழமை.

பந்தி இல்லை மச்சான்

பெட்டியை எடுத்துப் போட்டது லீவில் வந்திருந்த அண்ணன்தான். "மச்சான், சாப்ட்ட சோறு செரிக்கட்டும். ஒரு கை போடுவமா?" என்றவன், என் பக்கம் குனிந்து, "ஆடிப் பாத்தாத்தாண்டி ஆளு எப்படின்னு தெரியும்," என்று முணுமுணுத்தான்.

அப்பள வகையறாவுக்கு ஆள் கிடைத்துவிட்டது. தென்கோடி ராஜபாளையமும் அவருக்கே போனது.

முதல் சுற்றிலேயே அண்ணன் வன்னியம்பட்டி எல்லையில் படையைக் கொண்டுபோய் நிறுத்தி மீசையை முறுக்கினான். என் கணவர் எட்டிப் பார்த்தார். "ஒங்களுக்கு வேணுமா மச்சான்? எடுத்துக்கோங்க."

அடுத்த சுற்றில் அப்பாவின் சிப்பாய்கள் கொஞ்சம் நெருங்கினார்கள். என் கணவர் தன் ஆட்களை மளமளவென்று பின்னால் எடுத்தார். "மாமா வரட்டும், மாமா வரட்டும்."

அண்ணனுக்குப் பொறுக்கவில்லை. "மச்சான், இது யுத்தம். பந்தி இல்ல, 'மொதல்ல நீங்க உக்காருங்க'ன்னு சொல்லுததுக்கு."

எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். நான் மட்டும் என் சிப்பாய்களை எண்ணிக்கொண்டிருந்தேன்.

அப்பா அட்டைக்கட்டிலிருந்து ஓர் அட்டையை எடுத்தார். பார்த்தார். முகம் மாறியது. பல்லக்கு.

யாருக்கு வேண்டுமானாலும் கொடுத்திருக்கலாம். எனக்கோ அண்ணனுக்கோ கொடுத்திருக்கலாம். அப்பா அதை இரண்டு கையாலும் பிடித்து மாப்பிள்ளையின் முன்னால் வைத்தார். சட்டத்தையும் விளக்கினார்.

என் கணவர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அப்ப நான் ஒங்கள அடிக்கலாம். நீங்க என்னய அடிக்கக் கூடாது. அப்படித்தான மாமா?"

"ஆமா மாப்ளே."

"அப்ப ஒங்களுக்கு ஆரு தொண?"

"பொண்ணு குடுத்தவனுக்கு ஆரு தொண? நம்மூருத் திருவண்ணாமல சீனிவாசப் பெருமாள்தான்," என்று அப்பா சிரித்தார். மற்றவர்களுக்குச் சிரிப்பு வரவில்லை.

அடுத்தது என் முறை. சட்டம் அப்பாவின் கையைத்தான் கட்டிப்போட்டிருந்தது. பட்டாம்பூச்சி வகையறாவின் கையை யாரும் கட்டவில்லை. இருந்த சிப்பாய்களையெல்லாம் ஒன்று விடாமல் வாரி ராஜபாளையத்து வாசலில் வைத்தேன்.

அம்மா கரண்டியோடு ஓடி வந்தாள். "ஏட்டி, புருஷனப் போயா அடிக்க!"

"நிக்கிறீங்களா? விட்டுர்றீங்களா?" என்று அவரைப் பார்த்துக் கேட்டேன்.

அவருக்குத் தெம்பு இருந்தது. கோட்டைக்குள் ஆட்கள் நிறைய இருந்தார்கள். எதிர்த்து நின்றிருந்தால் நான்தான் தோற்றிருப்பேன். அவர் என்னைப் பார்த்து அழகாகச் சிரித்தார்.

"நீ கேட்டு நான் இல்லேன்னா சொல்லப் போறேன்? எடுத்துக்கோ."

அம்மாவின் முகம் மலர்ந்துபோனது. தங்கமான மாப்பிள்ளை!

தங்கமான மனுஷர்தான். கேட்டதையெல்லாம் கொடுத்துவிடுவார். நான் கேட்டால் எனக்கு, அவர் அம்மா கேட்டால் அம்மாவுக்கு. என் வேலையையும் இப்படியே சிரித்துக்கொண்டு தூக்கிக் கொடுத்துவிடுவார். அதில் அவருக்கு ஒரு கெட்ட எண்ணமும் இருக்காது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

ஜெயித்த கோட்டையை எடுக்காமல் எழுந்து கொல்லைக் குழாயடிக்குப் போனேன். முகத்தில் தண்ணீரை அடித்து அடித்துக் கழுவினேன். திரும்பி வந்தபோது அப்பா சிப்பாய்களைப் பெட்டிக்குள் போட்டுக்கொண்டிருந்தார். ஆடிய ஆட்டத்தைப் பாதியில் கலைக்கிற பழக்கமே அவருக்குக் கிடையாது.

"நேரமாச்சு," என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

கொடுக்காத பை

மீதிப் பையை அம்மா அடுக்கி வைத்திருந்தாள். மேலே சம்பந்திக்குப் பால்கோவாப் பொட்டலம். நான் அடியில் மடித்து வைத்திருந்த நீலக் கோட்டு மட்டும் கட்டில் மேல் கிடந்தது. எடுத்து வெளியே வைத்துவிட்டாள். நான் அதைச் சுருட்டிப் பால்கோவாவுக்குப் பக்கத்தில் திணித்தேன்.

பஸ் ஸ்டாண்டுவரை அப்பா வந்தார். பையை அவரே சுமந்தார். மாப்பிள்ளை பலமுறை கை நீட்டியும் கொடுக்கவில்லை.

பஸ் நின்றிருந்தது. கண்டக்டர் 'ராஜபாளையம், ராஜபாளையம்' என்று பக்கவாட்டுத் தகரத்தைத் தட்டினார். நான் போவதா வேண்டாமா என்று அதுவரை முடிவு செய்யவில்லை. ஏறினால் வேலை போயிற்று. ஏறாவிட்டால் கல்யாணமே ஊர் வாய்க்குப் போகும். கால்கள் தாமாக நடந்துகொண்டிருந்தன. என் கணவர் படியில் ஒரு காலை வைத்துவிட்டுப் பைக்காகத் திரும்பினார்.

அப்பா பையைக் கொடுக்கவில்லை.

"மாப்ளே, செத்த கீழ எறங்குங்க."

அவர் இறங்கினார். அப்பா பையின் காதுகளை இரண்டு கையாலும் பிடித்திருந்தார்.

"பொண்ணு குடுத்தவன் கேக்கக் கூடாது. எங்கப்பா கேக்கல. கூட நின்ன நானும் கேக்கல. இப்ப கேக்கேன். நாளைக்கு எம்பொண்ணு வேலைக்குப் போவாளா, மாட்டாளா?"

"ஏறுதீங்களா இல்லையா, பெரியவரே?" என்றார் கண்டக்டர்.

விசில் அடித்தது. பஸ் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டது.

என் கணவர் தரையைப் பார்த்தார். அதே ரசம் சோற்றுப் பார்வை. 'சரி மாமா' என்று மட்டும் சொல்லிவிடக் கூடாதே என்று எனக்குத் தெரிந்த தெய்வத்தையெல்லாம் கூப்பிட்டேன். 'சரி' என்று அவரால் சுலபமாகச் சொல்ல முடியும். வன்னியம்பட்டிக்கும் சொன்னார், ராஜபாளையத்துக்கும் சொன்னார். வீட்டுக்குப் போனதும் அவர் அம்மாவிடமும் அதையே சொல்வார்.

அவர் சொல்லவில்லை. காதுமடல் சிவந்துபோயிருந்தது.

"மாமா, எனக்கு எங்கம்மாட்டப் பேசப் பயம்."

சின்னப்பிள்ளை சொல்வதுபோல் இருந்தது. பக்கத்தில் முறுக்கு விற்றுக்கொண்டிருந்தவர்கூடத் திரும்பிப் பார்த்தார். எனக்கு அழுகை முட்டியது. நான் கட்டிக்கொண்ட மனுஷர் மனதில் இருப்பதைச் சொல்லி அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேட்டேன்.

அப்பா அவர் பக்கத்தில் போனார். "எனக்கும் இப்ப ஒங்ககிட்டப் பேசப் பயமாத்தான் இருக்கு மாப்ளே. காலப் பாருங்க, ஆடுது. கேட்டுட்டேம்லா?"

இரண்டு பேரும் அப்பாவின் காலைப் பார்த்தார்கள். நிஜமாகவே வேட்டி ஆடிக்கொண்டிருந்தது.

அடுத்த பஸ் வந்து நின்றது. என் கணவர் கையை நீட்டினார். "பையக் குடுங்க மாமா. போவா. நான் சொல்லுதேன்."

"எப்ப?" என்று கேட்டது நான்.

"இன்னைக்கே. வாசல்லயே. செருப்பக் கழட்டிட்டா எனக்குத் தைரியம் போயிரும்."

அப்பா பையைக் கொடுத்தார்.

செருப்பு

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையத்துக்கு ரொம்ப தூரமில்லை. அன்றைக்கு அந்தப் பஸ் ஊர்ந்தது. ஜன்னல் ஓரமாக உட்கார்ந்திருந்த அவர் உதடு தானாக அசைந்துகொண்டிருந்தது. பரீட்சைக்குப் போகிற பையன்கூட அப்படி மனப்பாடம் செய்திருக்க மாட்டான். நான் பால்கோவாப் பொட்டலத்தை மடியில் வைத்து நசுக்கிக்கொண்டிருந்தேன். 'இந்த ஆளால் முடியாது' என்று ஒரு மனசு. 'முடியாவிட்டால் நீ என்ன செய்வாய்' என்று இன்னொரு மனசு.

மாமியார் நடுவீட்டில் உட்கார்ந்து துணிச் சுருள்களை எண்ணிக்கொண்டிருந்தார். என் கணவர் வாசற்படியைத் தாண்டினார். செருப்போடு தாண்டினார்.

"அம்மா, இவ நாளைக்கு வேலைக்குப் போறா."

மாமியார் மகன் முகத்தைப் பார்க்கவில்லை. காலைப் பார்த்தார்.

"செருப்போட நடுவீட்டுல நிக்க?"

"சொல்லிட்டுக் கழட்டலாம்னு."

தறிக்கூடத்திலிருந்து வந்த சத்தம் மட்டும் கேட்டது. மாமியார் ஒரு சுருளை எடுத்து அந்தப் பக்கம் வைத்தார்.

"சொல்லியாச்சுல்லா. கழட்டு."

அது சம்மதமா, கோபமா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. திங்கட்கிழமை காலை நான் நீலக் கோட்டை மாட்டிக்கொண்டு மில்லுக்குப் போனேன். மாமியார் தீபாவளிவரை என்னோடு நேராகப் பேசவில்லை. சுவரைப் பார்த்துத்தான் பேசுவார். "சோத்து வாளி அடுப்பு மேட்டுல இருக்குன்னு சொல்லு," என்று சுவரிடம் சொல்வார். நானும் சுவரிடமே "சரிங்கத்தை" என்று சொல்லிவிட்டு எடுத்துக்கொண்டு மில்லுக்கு ஓடுவேன். வாளி ஒருநாளும் காலியாக இருந்ததில்லை.

பழைய சட்டம்

தலைதீபாவளிக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் போனோம். அண்ணன் கப்பலுக்குத் திரும்பியிருந்தான். எண்ணெய் தேய்த்துக் குளித்து, புதுத்துணி கட்டி, இட்லி தின்ற மயக்கத்தில் எல்லாரும் உட்கார்ந்திருந்தபோது அப்பாவே பெட்டியைக் கொண்டுவந்தார். மூன்று பேர் ஆடினோம்.

கொஞ்ச நேரத்தில் பல்லக்கு அட்டை அப்பாவின் கைக்கு வந்தது. வந்துவிட்டது என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது.

அப்பா அட்டையை மாப்பிள்ளையின் முன்னால் வைத்தார். மரியாதையாக, இரண்டு கையாலும். ஒரு புளியங்கொட்டையையும் சீராக எடுத்து வைத்தார்.

அப்பாவின் முறை மறுபடி வந்தது. வில்வ வகையறாவின் சிப்பாய்களை ஒன்று விடாமல் திரட்டினார். கூமாப்பட்டியை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. நேராகத் தெற்கே வந்து ராஜபாளையத்தைச் சுற்றி நிறுத்தினார்.

"மாமா!" என் கணவர் பதறிப்போய்விட்டார். "பொண்ணு குடுத்தவன் அடிக்கக் கூடாதுன்னு நீங்கதான சொன்னீங்க?"

"அது பழைய சட்டம் மாப்ளே," என்றார் அப்பா. "நிக்கிறீங்களா? விட்டுர்றீங்களா?"

என் கணவர் என்னைப் பார்த்தார். பிறகு கோட்டையைப் பார்த்தார். உள்ளே இருந்த சிப்பாய்களை ஒவ்வொருவனாக வெளியே எடுத்து வரிசையாக வைத்தார்.

"நிக்கேன் மாமா," என்றார்.